ஏழு ஆண்டுகள் பரணில் கிடந்த தாய்: ஹாரியட் ஜேக்கப்ஸ் ஏன் வடக்கே ஓடவில்லை?

கொற்கைச்சிப்பி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அடிமை முறை பற்றிய முந்தைய இழையில் மேலவீதி வாசகர் ஐயா ஹாரியட் ஜேக்கப்ஸ் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "எஜமானிடமிருந்து தப்பிவிட்டாள். பிறகு அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலங்களுக்குப் போகாமல் அதே ஊரில், அவன் கண்ணெதிரே, பாட்டி வீட்டுப் பரணில் ஏழு ஆண்டுகள் கிடந்து என்ன கண்டாள்?" அங்கேயே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனி இழை.

ஹாரியட் 1813-ல் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தார். ஆறு வயதில் தாய் இறந்துவிட்டார். முதல் எஜமானி மார்கரெட் ஹார்னிப்ளோ எழுதப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தாள். 1825-ல் அவள் இறந்தபோது தன் சகோதரியின் மூன்று வயது மகளுக்கு ஹாரியட்டை உயில் எழுதி வைத்துவிட்டாள். அந்தக் குழந்தையின் அப்பா டாக்டர் ஜேம்ஸ் நார்காம். ஊரில் பெரிய மனிதர்.

பதினைந்து வயதில் தொல்லை தொடங்கியது. காதோரம் அசிங்கமாகப் பேசுவான், மிரட்டுவான், ஊருக்கு வெளியே தனி வீடு கட்டித் தருகிறேன் என்பான். சுதந்திரமான கறுப்பினத் தச்சர் ஒருவரை மணந்துகொள்ள ஹாரியட் விரும்பினார். அதற்கும் அனுமதி இல்லை. யாராவது விலைக்குக் கேட்டால், "அவள் என் மகளின் சொத்து, விற்க எனக்கு அதிகாரமில்லை" என்று கைவிரித்துவிடுவான். சட்டம் அவனுக்குக் கேடயமாக இருந்தது. கடைசியில் ஹாரியட், சாமுவேல் டிரெட்வெல் சாயர் என்ற வெள்ளை வழக்கறிஞருடன் உறவு வைத்துக்கொண்டார். ஜோசப், லூயிசா மட்டில்டா என்று இரண்டு பிள்ளைகள். இருவரும் பிறந்த நொடியிலேயே நார்காம் வீட்டுச் சொத்து.

1835-ல் ஹாரியட்டைத் தன் பண்ணைக்கு அனுப்பினான் நார்காம். பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து பண்ணை வேலைக்குப் "பழக்க"ப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஹாரியட் ஓடினார். வரிசையைக் கவனியுங்கள். தன் மேல் விழுந்த அத்தனையையும் அவர் தாங்கினார். அடுத்தது பிள்ளைகள் என்றவுடன் கிளம்பிவிட்டார்.

ஓடியதும் நார்காம் என்ன செய்தான்? 100 டாலர் வெகுமதி அறிவித்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான். உயரம், நிறம், சுருட்டை முடி, சரளமான பேச்சு, நல்ல தையற்காரி என்பது வரை எல்லாம் அதில் இருந்தன. அதோடு ஹாரியட்டின் தம்பி ஜானையும், அத்தனை சிறிய இரு பிள்ளைகளையும் சிறையில் போட்டான். தாய் தானாக வந்து விழுவாள் என்ற கணக்கு.

அவர் விழவில்லை. அந்தக் கணக்கைக் கலைக்கவே பரணில் கிடந்தார் என்பதுதான் என் வாதம். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

---

சித்திரைச்செல்வி

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று என் ஆச்சி அடிக்கடி சொல்வார். இந்தத் தாய் தங்களுக்காக இப்படிக் கிடந்தாள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒருநாளாவது தெரிந்ததா?

---

வழக்காடி

"பிறந்த நொடியிலேயே சொத்து" என்பதன் சட்டப் பின்னணியைச் சொல்கிறேன். மற்ற எல்லாமே இதன்மேல் நிற்கிறது.

இங்கிலாந்தின் வழக்கப்படி குழந்தையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. வர்ஜீனியா காலனியில் எலிசபெத் கீ என்ற பெண், தன் தந்தை ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்றவள் என்று வாதாடி 1650-களில் நீதிமன்றத்தில் விடுதலை வாங்கிவிட்டார். தாய் ஆப்பிரிக்க அடிமை. பண்ணைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 1662-ல் வர்ஜீனியா சட்டமன்றம் வழக்கத்தைத் தலைகீழாக்கியது. குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே முடிவுசெய்யும் என்று சட்டம் போட்டார்கள். மற்ற காலனிகளிலும் இதுவே நடைமுறையானது.

விளைவு: அடிமைப் பெண்ணை எஜமான் பலாத்காரம் செய்தால், அவனுக்குத் தண்டனை கிடையாது என்பதோடு நிற்கவில்லை. பிறக்கும் குழந்தையும் அவன் கணக்குப் புத்தகத்தில் வரவாக ஏறும். 1808-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடைசெய்தது. ஆனால் அடிமை முறை வளர்ந்துகொண்டே போய், 1860-ல் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். இந்தப் பெருக்கம் அடிமைத் தாய்மார்களின் வயிற்றிலிருந்து வந்தது. பருத்திக்கு நிலம் வேண்டியதுபோல் அடிமை முறைக்குக் கருப்பை வேண்டியிருந்தது.

ஆகவே தாய்மையை ஏதோ மென்மையான தனிப்பட்ட உணர்வு என்று ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது.

---

மேலவீதி வாசகர்

என் கேள்வியை மதித்து விரிவாக எழுதியதற்கு நன்றி அம்மா. ஆனால் இரண்டு சந்தேகங்கள் தீரவில்லை.

ஒன்று, மூன்றடி உயரப் பரணில் ஏழு ஆண்டுகள் ஒரு மனித உயிர் தாங்குமா? அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அனுதாபம் தேட எழுதிய கதை என்று இதைப் பல காலம் ஒதுக்கிவைத்திருந்தார்களே.

இரண்டு, பிள்ளைகளுக்காகப் பரணில் கிடந்தாள் என்கிறீர்கள். பிள்ளைகள் கீழே, இவள் மேலே. அணைக்கவில்லை, சோறு ஊட்டவில்லை, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட இருப்பால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

---

கொற்கைச்சிப்பி

முதல் சந்தேகத்துக்கு ஆவணமே பதில். 1861-ல் ஹாரியட் தன் வரலாற்றை வெளியிட்டபோது லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டு எல்லாருடைய பெயரையும் மாற்றிவிட்டார். பதிப்பித்தவர் லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளை எழுத்தாளர். அதனால் அவரே கற்பனையாக எழுதியது என்று ஆய்வாளர்களே நூறாண்டுக்கு மேல் நம்பினார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் எல்லின் என்ற பேராசிரியர் ஹாரியட் தன் கைப்பட எழுதிய கடிதங்களையும் ஊர் ஆவணங்களையும் வைத்து ஒவ்வொரு பெயராக அடையாளம் காட்டினார். நார்காம், சாயர், பாட்டி மோலி எல்லாரும் நிஜ மனிதர்கள். தப்பியோடியவரைத் தேடிய அந்த விளம்பரமும் அச்சில் இருக்கிறது.

அடிமையாக இருந்த பெண் இவ்வளவு நன்றாக எழுத முடியாது என்ற முன்முடிவுதானே அந்தச் சந்தேகத்தின் வேர்? எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

பரணின் அளவு: 9 அடி நீளம், 7 அடி அகலம், மிக உயரமான இடத்தில் 3 அடி. கூரை சரிந்து இறங்கும். படுத்தபடி புரண்டால் தலை கூரையில் இடிக்கும். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. எலிகள் மேலே ஓடும். கோடையில் கூரைப் பலகையிலிருந்து டர்பன்டைன் பிசின் உருகித் தலையில் சொட்டும். குளிர்காலத்தில் பாதங்கள் உறைந்து மரத்துப்போகும். இருட்டில் தடவும்போது ஒரு துளைக்கருவி கையில் தட்டுப்பட்டது. அதை வைத்துத் தெருப்பக்கச் சுவரில் சிறுசிறு துளைகள் போட்டு ஒன்றாக்கி, ஏறத்தாழ ஓர் அங்குல அளவுக்கு ஓட்டை செய்துகொண்டார். அந்த வழியாகத்தான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். அந்த ஓட்டைக்கருகில் உட்கார்ந்து, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத் துணி தைத்தார். யார் தைத்தது என்று தெரியாமலே அவர்கள் உடுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது சந்தேகத்துக்கு இரவு எழுதுகிறேன்.

---

இரவுப்பணி

நான் செவிலியராக இருக்கிறேன். சில வாரங்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கே கால் தசை கரைந்துவிடும். எழுந்து நிற்கத் தலைசுற்றும், மூட்டு மடங்காது. அதனால் இந்த விவரங்களில் எனக்கு மிகை எதுவும் தெரியவில்லை. முழு நேரமும் அவர் மேலேயே கிடக்கவும் இல்லை. தச்சு வேலை தெரிந்த மாமா, பரணுக்கும் கீழேயிருந்த சாமான் அறைக்கும் இடையே ரகசியக் கதவு ஒன்று வைத்துக்கொடுத்தார். ஆபத்தில்லாத இரவுகளில் இறங்கிக் கைகாலை நீட்டி நடந்தார். அந்த நடைதான் உயிரைக் காத்தது என்பேன். இரண்டாவது குளிர்காலத்தில் முகமும் நாக்கும் விறைத்துப் பேச்சே நின்றுபோயிற்று. தப்பி நியூயார்க் போன பிறகும் மாடிப்படி ஏறி இறங்கினால் கால் வீங்கியது.

அவரைத் தேடி மருத்துவர் யாரும் வர முடியாது என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். வரக்கூடிய மருத்துவர்களில் ஒருவன் நார்காம்.

---

தாமிரபரணிக்கரை

எல்லாரும் ஹாரியட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பாட்டி மோலி ஹார்னிப்ளோதான் இந்த வரலாற்றின் தூண்.

பகலெல்லாம் எஜமானி வீட்டு வேலை. நள்ளிரவுக்குமேல் அடுப்பு மூட்டி பிஸ்கட் சுட்டு விற்பார். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் 300 டாலர்; பிள்ளைகளை விலைகொடுத்து மீட்பதற்கு. எஜமானி அதைக் கடனாக வாங்கினாள், திருப்பித் தரவே இல்லை. அடிமைக்குக் கொடுத்த வாக்கு சட்டத்தில் செல்லாது. ஐம்பது வயதில் ஏலத்தில் நிறுத்தினார்கள். ஊர் முழுக்க முகம்சுளித்தது. யாரும் விலை கேட்கவில்லை. எஜமானியின் வயதான உறவுக்காரி ஒருத்தி வாங்கி விடுதலை கொடுத்தாள்.

இந்தப் பாட்டி, ஹாரியட் ஓடுவதை முதலில் எதிர்த்தார். பிள்ளைகளை விட்டுப்போகும் தாயை யாரும் மதிக்கமாட்டார்கள், விட்டுப்போனால் உனக்கு ஒரு நாளும் நிம்மதி இருக்காது என்று சொன்னார். அவ்வளவு சொன்னவரே, ஏழு ஆண்டுகள் பேத்தியைத் தலைக்குமேல் ஒளித்துவைத்துச் சோறு போட்டார். கண்டுபிடித்தால் வீடு, விடுதலை, மிச்சமிருக்கும் உறவு எல்லாம் போய்விடும். மேலவீதி ஐயா, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது யார் என்றீர்களே. பாட்டிதான். ஒரு தாய் ஒருத்தியாக நின்று செய்ய முடியாததை மூன்று தலைமுறைப் பெண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

---

எழுதாக்கிளவி

பொறுமையாகப் படிக்கிறேன், ஒன்று சொல்லியாக வேண்டும். ஹாரியட்டுக்கு விடுதலை பெற்ற பாட்டியும் அவர் பெயரில் ஒரு வீடும் இருந்தன. பண்ணையில் பருத்தி பறித்த லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு எந்தப் பரணும் கிடையாது. ஹாரியட்டின் மனவுறுதியைப் புகழும்போது, மற்றவர்களுக்கு அந்த உறுதி இல்லை என்று தோன்றிவிடக் கூடாது.

மார்கரெட் கார்னர் நினைவிருக்கிறதா? 1856 ஜனவரியில், உறைந்த ஒஹையோ ஆற்றின்மேல் கணவன், பிள்ளைகள், மாமனார் மாமியாருடன் நடந்து கென்டக்கியிலிருந்து சின்சினாட்டி போய்ச் சேர்ந்தார். சில மணி நேரத்தில் வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். பிடிபடப்போகிறோம் என்று தெரிந்ததும், மறுபடி அடிமையாக விடமாட்டேன் என்று இரண்டு வயது மகளின் கழுத்தைக் கத்தியால் அறுத்தார். மற்ற பிள்ளைகளையும் கொல்ல முயன்றபோது தடுத்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் என்ன விவாதம் நடந்தது தெரியுமா? அவருடைய வழக்கறிஞர் ஜான் ஜாலிஃப், ஒஹையோ மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக விசாரியுங்கள் என்று போராடினார். கொலை வழக்கு நடந்தால் அவரை ஒரு மனுஷியாக ஒப்புக்கொண்டாக வேண்டும். வடக்கே ஓடிவந்தவர்களையும் பிடித்து உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை நீதிமன்றம் காட்டி, சொத்து உரிமையாளரிடம் போகட்டும் என்று முடித்தது. தெற்கே கொண்டுபோகும் வழியில் படகு விபத்தில் கைக்குழந்தையும் இறந்தது. மார்கரெட் 1858-ல் டைபாய்டில் இறந்தார்.

ஹாரியட்டும் இதே விளிம்பில் நின்றவர்தான். பிள்ளை பிறந்தபோது அது செத்துப்போனாலும் நல்லது என்று சில சமயம் நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

---

பொதிகைச்சாரல்

எழுதாக்கிளவி சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. நீதிமன்றம் ஏறி ஜெயித்த ஒரு தாய்: அடிமை முறை அப்போது இன்னும் முழுதாக ஒழியாத நியூயார்க் மாநிலத்தின் இசபெல்லா. பின்னாளில் சோஜர்னர் ட்ரூத் என்று பெயர் வைத்துக்கொண்டவர். 1826-ன் பிற்பகுதியில் கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு எஜமான் வீட்டை விட்டு நடந்தார். மற்ற பிள்ளைகளை விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவருடைய ஐந்து வயது மகன் பீட்டரைச் சட்டவிரோதமாக அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். மாநிலத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று நியூயார்க் சட்டம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத இந்தப் பெண் கிங்ஸ்டன் நீதிமன்றத்துக்கு நடந்து, நடந்து, 1828-ல் மகனைத் திரும்பப் பெற்றார்.

திரும்பி வந்த பையன் முதலில் இவள் என் அம்மா இல்லை என்று கதறினான். நெற்றியில் தழும்பு. கேட்டால் குதிரை உதைத்தது என்றான். முதுகெல்லாம் சவுக்கு வடு. தாயைத் தெரியாது என்று சொல்லும்படி ஒரு குழந்தையை எவ்வளவு அடித்திருக்க வேண்டும்!

---

கொற்கைச்சிப்பி

மேலவீதி ஐயாவின் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன்.

சிறையில் இருந்த பிள்ளைகளை நார்காம் ஓர் அடிமை வியாபாரிக்கு விற்றான். அந்த வியாபாரி சாயரின் ஏற்பாட்டில் வந்தவன் என்று நார்காமுக்குத் தெரியாது. சாயர் பிள்ளைகளை மோலியின் வீட்டிலேயே இருக்கவிட்டார். ஹாரியட் ஓடாமல் இருந்திருந்தால் நார்காம் பிள்ளைகளைக் கைவிட்டிருக்கவே மாட்டான். வடக்கே போய்ச் சேர்ந்திருந்தாலோ, தகப்பனிடம் விடுதலைப் பத்திரம் கேட்க ஆள் இல்லை.

1837-ல் சாயர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். வாஷிங்டன் கிளம்பும் முன்பு மோலி வீட்டுக்கு வந்தார். அன்று ஹாரியட் பரணிலிருந்து இறங்கி, கால் தாங்காததால் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து சாமான் அறை ஜன்னலுக்கு வந்து, இருட்டில் அவரை நிறுத்திப் பேசினார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளை விடுவித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டார். வாக்குக் கொடுத்தார் சாயர். எழுத்தில் கொடுக்கவில்லை. ஊர் மெச்சும் கனவான். சொந்தப் பிள்ளைகளின் சொந்தக்காரர்.

இன்னொன்று. ஹாரியட் பரணில் இருந்தபடியே நார்காமைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டினார். நியூயார்க் செய்தித்தாள் ஒன்றின் கிழிசலிலிருந்து தெருப்பெயர்களைப் பொறுக்கி, அங்கிருந்து எழுதுவதுபோல் கடிதங்கள் எழுதி, நம்பிக்கையான ஆள் மூலம் வடக்கிலிருந்து தபாலில் சேர்க்கவைத்தார். பாட்டிக்கு எழுதிய கடிதத்தைக் கைப்பற்றிய நார்காம், தானே வேறொன்று எழுதிக்கொண்டு மோலி வீட்டுக்கு வந்தான். ஹாரியட் மனம்வருந்தித் திரும்ப அழைக்கும்படி கெஞ்சுவதாகச் சத்தமாகப் படித்துக்காட்டினான். மறைவிலிருந்து ஹாரியட் அந்தப் பொய்க் கடிதத்தை வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பார்வை வடக்கே திரும்பியிருந்தவரை பாட்டி வீட்டுக் கூரையை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இதைப் பயந்து பதுங்கிக் கிடந்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

---

மேலவீதி வாசகர்

சாயரிடம் ஊர்ந்துபோய்க் கேட்ட இடம் என்னை உலுக்கிவிட்டது அம்மா. பயன் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்வேன்: பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் தாய் இல்லை. அந்த இழப்பும் நார்காமின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும், வீரத்தின் பெயரால் அழித்துவிடக் கூடாது.

---

கொற்கைச்சிப்பி

அதை நானும் மறுக்கமாட்டேன் ஐயா. ஹாரியட்டும் மறுக்கவில்லை.

செல்வி, நீ முதலில் கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. லூயிசாவை வடக்கே சாயரின் உறவினர் வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். போவதற்கு முந்தைய இரவு ஹாரியட் இறங்கிவந்து மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். அந்தச் சிறுமி சொல்லவே இல்லை.

1842-ல் ஹாரியட் வடக்கே தப்பிப் படகேறுவதற்கு முன்பு மகன் ஜோசப்பை அழைத்துப் பேசினார். அவனுக்கு இத்தனை நாள் தெரியாது என்று நினைத்திருந்தார். பையனுக்கு ஏற்கெனவே தெரியும்! ஒருநாள் கூரைப்பக்கம் யாரோ இருமும் சத்தம் கேட்டு, அது அம்மாதான் என்று ஊகித்துவிட்டான். பாட்டியிடம் கேட்கவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. கூட விளையாட வரும் பிள்ளைகள் வீட்டின் அந்தப் பக்கம் போனால் ஏதாவது சொல்லி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவானாம், இருமல் அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று.

உன் ஆச்சி சொன்ன பழமொழி இந்தப் பிள்ளையிடம் செல்லாது செல்வி.

---

சித்திரைச்செல்வி

அக்கா, அழவைத்துவிட்டீர்கள். தாய் பிள்ளையைக் காக்க ஒளிந்திருக்கிறாள். பிள்ளை தாயைக் காக்க ஒளித்துவைத்திருக்கிறான்.

படகேறிய பிறகு என்ன ஆயிற்று? விடுதலை கிடைத்ததா?

---

வழக்காடி

உடனே கிடைக்கவில்லை தங்கச்சி. சட்டப்படி பத்து ஆண்டுகள் தப்பியோடிய சொத்தாகவே இருந்தார். நியூயார்க்கில் எழுத்தாளர் நதானியேல் பார்க்கர் வில்லிஸ் வீட்டில் குழந்தை வளர்க்கும் வேலை. தன் பிள்ளைகளைத் தூக்க முடியாமல் ஏழு ஆண்டுகள் கிடந்தவர், அந்தப் பிள்ளைகளுக்காகவே அடுத்தவர் குழந்தையைத் தூக்கிக் கூலி வாங்கினார்.

1850-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வடக்கும் பாதுகாப்பில்லை. நார்காம் இறந்துவிட்டாலும், உயிலில் ஹாரியட்டைப் பெற்ற அந்த மகள் வளர்ந்து, கணவனோடு நியூயார்க்குக்கே தேடிவந்துவிட்டாள். அப்போது வில்லிஸின் இரண்டாவது மனைவி கொர்னேலியா தன் கைக்குழந்தையை ஹாரியட்டிடம் கொடுத்து ஊரைவிட்டு அனுப்பினார். ஹாரியட் பிடிபட்டால் குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொண்டுவந்தாக வேண்டும். உடனே செய்தி தெரிந்துவிடும், காப்பாற்ற வழி இருக்கும் என்பது அவர் யோசனை. ஹாரியட்டின் பிள்ளைகளைச் சிறையில் போட்டுப் பார்த்தது ஒரு வெள்ளைக் குடும்பம். தன் பிள்ளையையே அவருக்குக் காவலாக அனுப்பியது இன்னொன்று.

1852-ல் கொர்னேலியா 300 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார். ஹாரியட் நன்றி சொன்னார்; ஆனால் தான் ஒரு நாளும் நார்காம் குடும்பத்தின் சொத்தாக இருந்ததில்லை, விலை கொடுத்தது தவறு என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சட்டம் படித்தவன் என்ற முறையில் அவர் சொன்னதுதான் சரி என்பேன்.

---

பொதிகைச்சாரல்

பிள்ளைகள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்றும் யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஜோசப், மாமா ஜானோடு கலிபோர்னியா தங்கச் சுரங்கங்களுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா போனார். 1860-களில் கடிதம் நின்றுவிட்டது. ஹாரியட் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

லூயிசா தாயோடு இருந்தார். உள்நாட்டுப் போரின்போது இருவரும் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா போனார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த குடும்பங்கள் அங்கே பஞ்சத்திலும் அம்மையிலும் கிடந்தன. 1864 ஜனவரியில் அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஜேக்கப்ஸ் பள்ளி திறந்தது. பள்ளியை வெள்ளை ஆசிரியர்கள் நடத்துவதா, விடுதலை பெற்ற மக்களே நடத்துவதா என்று தகராறு எழுந்தது. முடிவை ஹாரியட் அந்தப் பெற்றோரிடமே விட்டார். தங்கள் பிள்ளைகளைப் பற்றித் தாங்களே தீர்மானிக்க அவர்களில் பலருக்கு அதுவே முதல் வாய்ப்பு. பள்ளி தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியையாக லூயிசா பொறுப்பேற்றார்.